முன்னே ஒன்று, பின்னே ஒன்று: டைட்டன்ஃபால் 2 விற்காமல் போன கதை

2016 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை: பேட்டில்ஃபீல்டு 1. அடுத்த வெள்ளி, அக்டோபர் 28: டைட்டன்ஃபால் 2. அதற்கடுத்த வெள்ளி, நவம்பர் 4: கால் ஆஃப் டூட்டி இன்ஃபினிட் வார்ஃபேர். மூன்றும் ஷூட்டர், அதாவது துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம். மூன்றும் ஏறக்குறைய ஒரே கூட்டத்தின் பாக்கெட்டைக் குறிவைத்தவை. முதல் இரண்டையும் வெளியிட்டது ஒரே நிறுவனம், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், சுருக்கமாக இஏ.

அந்த வருடம் நம் ஊரில் தீபாவளி அக்டோபர் 29. தீபாவளிக்கு இரண்டு பெரிய படம் மோதினால் தியேட்டர் பங்கீட்டில் யாருக்கு அடி விழும் என்ற கணக்கு இங்கே டீக்கடையிலேயே முடிந்துவிடும். ஆனால் ஒரே தயாரிப்பாளர் தன்னுடைய இரண்டு பெரிய படங்களைத் தானே ஒரு வார இடைவெளியில் இறக்கி, மூன்றாவது வாரம் எதிராளியின் படமும் வரட்டும் என்று விட்டதாக எனக்கு நினைவில்லை.

டைட்டன்ஃபால் 2 ஏன் விற்கவில்லை என்று யாரைக் கேட்டாலும் இந்தத் தேதிக் கணக்கைத்தான் சொல்வார்கள். தப்பில்லை. ஆனால் நான்கைந்து முறை திருப்பித் திருப்பிப் பார்த்ததில் எனக்கு அது பாதிக் கதையாகத்தான் தெரிகிறது. பார்த்தவன் அடுத்தவனிடம் சொல்லி, அவன் இன்னொருவனிடம் சொல்லி மெல்ல ஏற வேண்டிய சரக்கு அது. வாங்குவதற்கு முன் அதன் அருமை தெரியாதபடி இரண்டரை வருடமாகப் பல காரியங்கள் நடந்திருந்தன. கடைசியில் அருமை தெரிவதற்கான அவகாசத்தையும் தேதி பறித்துக்கொண்டது.

பழைய வீட்டுப் பகை

டைட்டன்ஃபாலைச் செய்த ரெஸ்பான் என்டர்டெயின்மென்ட் 2010-இல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் வின்ஸ் சாம்பெல்லாவும் ஜேசன் வெஸ்ட்டும். கால் ஆஃப் டூட்டியை உருவாக்கிய இன்ஃபினிட்டி வார்டு ஸ்டூடியோவின் தலைவர்களாக இருந்தவர்கள். 2010 மார்ச்சில் அந்த ஸ்டூடியோவின் உரிமையாளரான ஆக்டிவிஷன் இருவரையும் வெளியேற்றியது; வழக்கு, எதிர்வழக்கு என்று இழுத்து 2012-இல் சமரசத்தில் முடிந்தது. பழைய ஸ்டூடியோவிலிருந்து டஜன்கணக்கில் ஆட்கள் இவர்கள் பின்னால் வந்தார்கள். பணம் போட்டது இஏ. வெஸ்ட் 2013-இல் விலகிவிட்டார்.

2016 நவம்பர் 4 அன்று வந்த அந்த இன்ஃபினிட் வார்ஃபேரைச் செய்தது யார் தெரியுமா? அதே இன்ஃபினிட்டி வார்டு. தாங்கள் கட்டிய வீட்டுக்கு எதிரிலேயே கடை போட்டவர்கள் ரெஸ்பான்காரர்கள்.

அவர்களுடைய முதல் டைட்டன்ஃபால் 2014 மார்ச் 11 அன்று வந்தது. 2013-இல் இ3 என்ற கேம் கண்காட்சியில் காட்டியபோதே விமர்சகர்கள் மொத்தமாகச் சாய்ந்துவிட்டார்கள். இ3 விமர்சகர் விருதுகளில் ஆறு அதற்கு. காரணம் எளிது. அதுவரை ஷூட்டர் என்றால் தரையில் ஓடி, சுவருக்குப் பின்னால் ஒளிந்து சுடுவது. இதில் பைலட் சுவரின் மீதே ஓடுகிறான், காற்றில் இரண்டாம் முறை எம்புகிறான், கொஞ்ச நேரத்தில் வானத்திலிருந்து அவனுடைய ராட்சத இயந்திரம், அதுதான் டைட்டன், தொப்பென்று இறங்குகிறது. அதில் ஏறிக்கொண்டு சண்டை. அந்த இறங்கும் சத்தத்துக்காகவே காசு கொடுக்கலாம்.

ஆனால் முதல் பாகத்தில் இரண்டு ஓட்டை இருந்தது. ஒன்று, அது மல்டிபிளேயர் மட்டும். தனியாக உட்கார்ந்து விளையாடக் கதை என்று ஒன்று கிடையாது. இரண்டு, பிளேஸ்டேஷனில் கிடையாது. எக்ஸ்பாக்ஸும் பிசியும் மட்டும். மைக்ரோசாஃப்டோடு இஏ போட்ட ஒப்பந்தம் அது. எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலோடு சேர்த்துக் கட்டியும் விற்றார்கள். 2015-க்குள் ஒரு கோடிப் பேர் விளையாடினார்கள் என்ற கணக்கு வந்தது. கேட்கப் பெரிய எண்ணிக்கைதான். ஆனால் விளையாடியவர்கள் தங்கவில்லை. 2014-இல் மூன்று மேப், அதாவது ஆடுகளத் தொகுப்புகளைக் காசுக்கு விற்றார்கள். வாங்கியவன் ஒரு வரிசையில், வாங்காதவன் இன்னொரு வரிசையில் என்று இருந்த கூட்டமும் பிரிந்தது. 2015-இல் எல்லாவற்றையும் இலவசமாக்கினார்கள். அதற்குள் நேரம் போய்விட்டது.

பிளேஸ்டேஷன் விஷயம்தான் எனக்கு இதில் பெரிதாகப் படுகிறது. 2016 டிசம்பரில் பிளேஸ்டேஷன் 4 ஐந்து கோடி விற்றிருந்தது. அந்தத் தலைமுறையில் எக்ஸ்பாக்ஸ் ஒன் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. இரண்டாம் பாகம் பிளேஸ்டேஷனுக்கும் வருகிறது என்றதும் விற்பனை எகிறும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் அந்த ஐந்து கோடிப் பேரின் நிலையிலிருந்து பாருங்கள். தங்கள் கன்சோலில் ஒன்றாம் பாகமே வராத ஒரு கேமின் இரண்டாம் பாகம் கடையில் நிற்கிறது. பெட்டியின் மேல் பெரிதாக 2 என்று வேறு போட்டிருக்கிறது. பக்கத்திலேயே பத்து வருடமாகப் பழகிய இரண்டு பெயர்கள். கை எதை எடுக்கும்?

புதுமை எங்கே போனது

முதல் பாகத்துக்கும் இரண்டாம் பாகத்துக்கும் நடுவில் இரண்டரை வருடம். அந்த இடைவெளியில் போட்டியாளர்கள் சும்மா இருக்கவில்லை. 2014 நவம்பரில் வந்த கால் ஆஃப் டூட்டி அட்வான்ஸ்டு வார்ஃபேரில் வீரர்கள் எக்ஸோ உடை மாட்டிக்கொண்டு காற்றில் எம்பினார்கள். 2015 நவம்பரில் வந்த பிளாக் ஆப்ஸ் 3-இல் சுவரிலும் ஓடினார்கள். டைட்டன்ஃபாலைப் பார்த்துத்தான் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு கேம் தயாராக இரண்டு மூன்று வருடம் பிடிக்கும், யோசனைகள் ஒரே காலத்தில் பல இடத்தில் முளைப்பது உண்டு. ஆனால் வாங்குபவன் அதையெல்லாம் ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டான். அவன் கண்ணுக்கு, எம்புவதும் சுவரில் ஓடுவதும் இரண்டு வருடம் சாப்பிட்டுச் சலித்த பலகாரம்.

அந்தச் சலிப்பு 2016 மே மாதத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. விண்வெளியில் நடக்கும் இன்ஃபினிட் வார்ஃபேரின் முதல் டிரெய்லருக்கு யூடியூபில் முப்பது லட்சத்துக்கும் மேல் எதிர்வாக்கு. அதே வாரம் முதல் உலகப் போருக்குத் திரும்பிய பேட்டில்ஃபீல்டு 1 டிரெய்லருக்குப் பாராட்டு மழை. சேறு, குதிரை, பதுங்குகுழி. எதிர்காலம் போதும், பழசைக் காட்டு என்று கூட்டம் வாய்விட்டே சொன்னது.

இந்த இடத்தில் இஏ கணக்கைத் தப்பாகப் படித்தது என்பது என் எண்ணம். கால் ஆஃப் டூட்டி தள்ளாடுகிறது, இதுதான் சமயம், இரண்டு பக்கமும் அடிப்போம் என்று அவர்கள் பார்த்தார்கள். ஆனால் கால் ஆஃப் டூட்டி மேல் இருந்த கோபம் அந்தப் பெயரின் மேல் மட்டும் இருந்ததில்லை. ராக்கெட் பை மாட்டிப் பறக்கும் எதிர்காலச் சண்டை என்ற வகையின் மேலேயே இருந்தது. டைட்டன்ஃபால் 2 நின்றது அதே வரிசையில். எதிரிக்கு விழுந்த கல் பக்கத்தில் நின்றவன் மேலும் பட்டது.

ஓவர்வாட்ச்சையும் இங்கே ஒரு வரி சொல்லிவிட வேண்டும். 2016 மே 24 அன்று வந்து, அணி பிரித்து விளையாடும் ஷூட்டர் பிரியர்களில் பெரும் பங்கை அது கொண்டுபோனது. அக்டோபரில் அவர்கள் வேறு வீடு தேடும் மனநிலையில் இல்லை.

ஆகஸ்டில் காட்டியது என்ன

வெளியீட்டுக்கு இரண்டு மாதம் முன்பு, ஆகஸ்டில் இரண்டு வார இறுதிகளில் திறந்த சோதனை நடத்தினார்கள். சர்வர்கள் தாங்குகின்றனவா என்று பார்க்கத்தான் இது என்று ரெஸ்பான் சொன்னது. பெயரிலேயே ‘டெக் டெஸ்ட்’ என்று இருந்தது. ஆனால் இலவசமாக இறக்கி விளையாடுபவனுக்கு அது டெமோதான். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாம்பார் ருசி பார்க்கச் சொல்லிவிட்டு, உப்பு இன்னும் போடவில்லை என்று சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

முதல் பாகத்தின் ரசிகர்கள்தான் முதலில் ஓடிவந்து விளையாடியவர்கள். அவர்கள்தான் முதலில் முகம் சுளித்தவர்களும். மேப்கள் அகலமாக, வெட்டவெளியாக இருந்தன. சுவரில் ஓட ஆசைப்பட்டவனுக்குச் சுவர் தேட வேண்டியிருந்தது. ஓட்டத்தின் வேகம் குறைந்த மாதிரி இருந்தது. முதல் பாகத்தில் நேரம் போகப் போக எல்லாருக்கும் டைட்டன் வந்துவிடும்; மோசமாக விளையாடுகிறவனுக்கும் கொஞ்சம் தாமதமாக வரும். அதுதான் அதன் அழகு. சோதனையில் அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டு, புள்ளி சம்பாதித்தால்தான் டைட்டன் என்று வைத்திருந்தார்கள். டைட்டனுக்குத் தானாக நிரம்பும் கவசமும் போய், எதிரி டைட்டனின் மேல் ஏறிப் பேட்டரியைப் பிடுங்கிக் கொண்டுவர வேண்டும் என்று ஆனது.

ரெஸ்பான் கேட்டுக்கொண்டது. அதை மறைக்கக் கூடாது. ஓட்டத்தின் வேகத்தைக் கூட்டினார்கள், டைட்டன் மானி கொஞ்சம் கொஞ்சமாகத் தானே ஏறும்படி திருத்தினார்கள், ஓடுவதற்குத் தோதான மேப்கள் வேறு இருக்கின்றன என்று விளக்கமும் கொடுத்தார்கள். ஆனால் திருத்தத்தைச் செய்தி படிப்பவர்கள்தான் அறிவார்கள். ஆகஸ்டில் அரைமணி நேரம் விளையாடிவிட்டு ‘பழைய மாதிரி இல்லைப்பா’ என்று மூடிவைத்தவனிடம் அது போய்ச் சேராது. இன்னொன்று, சோதனை பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டுக்கு மட்டும். முதல் பாகத்தின் பிசி ஆட்கள் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

இதில் எனக்கு மனசே ஆறாத ஒரு விஷயம் உண்டு. அந்தச் சோதனையில் மல்டிபிளேயர் மட்டும்தான் இருந்தது. கேமின் உயிர் வேறு இடத்தில் இருந்தது.

பெட்டிக்குள் இருந்த பொக்கிஷம்

இரண்டாம் பாகத்தில் முதல்முறையாகத் தனியாக விளையாடும் கதைப் பகுதி, அதாவது கேம்பெயின், வைத்தார்கள். தலைமை ஸ்டீவ் ஃபுகுடா. அவர்கள் வேலை செய்த விதமே வேறு. குழுவில் இருப்பவர்கள் சின்னச் சின்ன விளையாட்டுத் துணுக்குகளைத் தனித்தனியே செய்து காட்டுவார்கள். ‘ஆக்‌ஷன் பிளாக்’ என்று அதற்குப் பெயர். எது ருசியாக இருக்கிறதோ அதை எடுத்து ஒரு கட்டமாக வளர்ப்பார்கள். அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு புது யோசனை. கதாநாயகன் ஜாக் கூப்பர் என்ற சாதாரணச் சிப்பாய். பைலட் இறந்துபோக, அவருடைய டைட்டன் பிடி-7274 இவன் கைக்கு வருகிறது. சொலவடை ஏதாவது சொன்னால் அந்த இயந்திரம் நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு விழிக்கும். ‘என்னை நம்பு’ என்று சொல்லிவிட்டுப் பள்ளத்தாக்கின் மறுபக்கத்துக்கு உங்களைத் தூக்கி எறியும்.

ஒரு கட்டத்தில் பெரிய தொழிற்சாலை. உள்ளே வீடுகள் நகரும் பட்டையில் ஒன்றுசேர்கின்றன: தரை வருகிறது, சுவர் வருகிறது, கூரை கவிழ்கிறது. நீங்கள் அந்த வீட்டுக்குள்ளேயே ஓடிக்கொண்டு சுடுகிறீர்கள்.

இன்னொரு கட்டம், ‘எஃபெக்ட் அண்ட் காஸ்’. இடிந்து கிடக்கும் ஓர் ஆராய்ச்சிக்கூடம். கையில் ஒரு கருவி கிடைக்கிறது. ஒரு பட்டனை அழுத்தினால் அதே இடம் பல வருடம் முன்பு இருந்த நிலைக்குப் போகும்: விளக்கு எரிகிறது, காவலர்கள் நிற்கிறார்கள். மறுபடி அழுத்தினால் இடிபாடு, நெருப்பு, அலையும் மிருகங்கள். இன்றைக்குத் தரை இல்லாத இடத்தில் அன்றைக்குத் தரை உண்டு. அன்றைக்கு மூடிய கதவு இன்றைக்கு ஓட்டை. எம்பிக் குதித்து, காற்றில் இருக்கும்போதே காலத்தை மாற்றி, அன்றைய சுவரில் நாலடி ஓடி, மறுபடி இன்றைக்குக் குதிக்க வேண்டும். எழுதும்போது குழப்பமாக இருக்கிறது. விளையாடும்போது பத்து நிமிடத்தில் விரல் தானே செய்யும். வேறொரு ஸ்டூடியோ கையில் இந்த யோசனை கிடைத்திருந்தால் இதை வைத்தே முழு கேமை இழுத்திருப்பார்கள். இவர்கள் ஒரே கட்டத்தோடு கருவியைப் பிடுங்கிவிடுகிறார்கள். அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும்.

விமர்சகர்கள் கைதட்டினார்கள், விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் பிளேஸ்டேஷன் பதிப்புக்கு நூற்றுக்கு 89. அந்தத் தலைமுறையின் சிறந்த ஷூட்டர் கேம்பெயின்களில் ஒன்று என்று இன்றுவரை பேசுகிறார்கள். ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும், அவ்வளவுதான். முதல் பாகத்தில் தனியாக விளையாடக் கதையே கிடையாது, இரண்டாவதில் கதைதான் நட்சத்திரம். ஆனால் டைட்டன்ஃபால் என்றால் மல்டிபிளேயர் என்று பதிந்துபோன மனத்தையும், ஆகஸ்டில் மல்டிபிளேயரை மட்டும் ருசி பார்த்த நாக்கையும் வைத்துக்கொண்டு இதை யார் எதிர்பார்த்திருப்பார்கள்? விளையாடி முடித்தவன் அடுத்தவனுக்குச் சொன்னால்தான் உண்டு. சொல்வதற்கு ஒரு வாரம் கிடைத்தது.

அந்த இரண்டு வெள்ளிக்கிழமைகள்

ஒன்றை ஒன்று சாப்பிடாதா என்று கேட்டவர்களுக்கு இஏ தலைவர் ஆண்ட்ரூ வில்சன் சொன்ன கணக்கு இப்படி: பேட்டில்ஃபீல்டின் பெரிய, வியூகம் சார்ந்த சண்டையை விரும்புபவர்கள் ஒரு கூட்டம், டைட்டன்ஃபாலின் வேகத்தை விரும்புபவர்கள் ஒரு கூட்டம், இரண்டையும் வாங்குபவர்கள் ஒரு கூட்டம். காகிதத்தில் சரிதான். அப்போது ஒரு புது கேமின் விலை 60 டாலர் என்பதையும், சாதாரண ஆள் ஒரு மல்டிபிளேயர் கேமில்தான் நண்பர்களோடு தங்குவான் என்பதையும் சேர்த்துக்கொண்டால் அந்த மூன்றாவது கூட்டம் சுருங்கிவிடுகிறது. முதல் இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் இருப்பவன் ஏற்கெனவே ஒரு வாரமாகப் பேட்டில்ஃபீல்டில் நிலை ஏற்றிக்கொண்டிருந்தான்.

பிரிட்டன் கடைப் பட்டியலில் 2014-இல் முதல் பாகம் முதலிடத்தில் நுழைந்தது. இரண்டாம் பாகம் நுழைந்தது நான்காம் இடத்தில். முதலிடத்தில் அப்போதும் பேட்டில்ஃபீல்டு 1. ஐந்து வருடப் பழைய ஸ்கைரிம் என்ற கேமின் புதுப்பித்த பதிப்பும் அதே அக்டோபர் 28-இல்தான் இறங்கியிருந்தது. அடுத்த வாரம் கால் ஆஃப் டூட்டி வந்தது. எதிர்வாக்கு வாங்கிய அதே இன்ஃபினிட் வார்ஃபேர், முந்தைய வருடத்தைவிடக் குறைவாக விற்றும், 2016-இல் அமெரிக்காவில் அதிகம் விற்ற கேம் ஆனது. இரண்டாவது பேட்டில்ஃபீல்டு 1. தள்ளாடும் யானையும் யானைதான்.

நவம்பர் கடைசியில் அமெரிக்கத் தள்ளுபடித் திருவிழாவான பிளாக் ஃப்ரைடே வந்தது. ஒரு மாதம்கூட ஆகாத டைட்டன்ஃபால் 2 பெருந்தள்ளுபடியில் கிடந்தது. முதல் நாள் முழு விலை கொடுத்தவனுக்கு எரிச்சல், வாங்காதவனுக்கு ‘இன்னும் இறங்கும், பொறு’ என்ற பாடம். அப்புறம் மல்டிபிளேயருக்கே உரிய சுழல் ஒன்று இருக்கிறது: ஆள் குறைந்தால் ஆட்டம் கூட நேரம் பிடிக்கும்; நேரம் பிடித்தால் இருப்பவனும் கிளம்புவான்.

முதல் பாகத்தின் மேப் தவறை அவர்கள் திரும்பச் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பின்னால் வருபவற்றுக்கு முன்பணம் வாங்கும் சீசன் பாஸ் கிடையாது, எல்லா மேப்பும் இலவசம் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். டிசம்பர் தொடக்கத்திலேயே பழைய ஏஞ்சல் சிட்டி மேப் திரும்பி வந்தது, 2017 கோடையில் ஃபிரான்டியர் டிஃபென்ஸ் என்ற, சேர்ந்து விளையாடும் ஆட்டமுறை வந்தது. நல்ல காரியம். ஆனால் கூட்டத்தைப் பிரியாமல் வைத்திருக்கும் மருந்து அது. கூட்டம் சேர்க்கும் மருந்து கிடையாது.

2017 தொடக்கத்தில் முதலீட்டாளர்களிடம் இஏ ஒப்புக்கொண்டது: டைட்டன்ஃபால் 2 எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. மொத்தம் எத்தனை பிரதி என்று பெருமையாக அறிவிக்கும் நாள் வரவேயில்லை.

பிறகு

வழக்கமாக இப்படி ஒரு தோல்விக்குப் பின் ஸ்டூடியோவின் கதவு மூடும். இங்கே நேர்மாறு. 2017 நவம்பரில் இஏ ரெஸ்பானை வாங்குவதாக அறிவித்தது: 15.1 கோடி டாலர் ரொக்கம், மேற்கொண்டு பங்குகள், இலக்கை எட்டினால் இன்னும் கொஞ்சம், உச்சபட்சம் 45.5 கோடி வரை. தென்கொரியப் பின்னணி கொண்ட நெக்ஸானும் வாங்கப் பார்த்தது என்று அப்போது செய்தி வந்தது. கேம் விற்காவிட்டாலும் அதைச் செய்த கைகளின் விலை இறங்கவில்லை.

உள்ளே டைட்டன்ஃபால் 3-க்கான வேலை சில காலம் நடந்து, திசை மாறியது. 2019 பிப்ரவரி 4, ஒரு திங்கட்கிழமை. டிரெய்லர் இல்லை, முன்பதிவு இல்லை, மாதக்கணக்கில் விளம்பரம் இல்லை. ரெஸ்பானின் புது கேம் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் அன்றைக்கே அறிவிக்கப்பட்டு அன்றைக்கே இலவசமாக வந்தது. டைட்டன்ஃபால் உலகம், டைட்டன்ஃபால் துப்பாக்கிகள். டைட்டனும் கிடையாது, சுவரோட்டமும் கிடையாது. ஒரு வாரத்தில் இரண்டரைக் கோடிப் பேர், ஒரு மாதத்தில் ஐந்து கோடி. இலவச கேம், உள்ளே என்ன என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் லூட் பாக்ஸ், இஏவின் கையில் ஸ்டூடியோ, போதாததற்கு டைட்டன்ஃபால் 3-உம் இல்லை. இதை முன்கூட்டி விளம்பரப்படுத்தினால் திட்டுதான் விழும், அதனால்தான் சொல்லாமல் விட்டோம் என்று தயாரிப்பாளர் ட்ரூ மெக்காய் அப்போது வெளிப்படையாகவே சொன்னார். 2016-இல் ஜனங்கள் விளையாடுவதற்கு முன்பே தீர்ப்புச் சொன்னதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

டைட்டன்ஃபால் 2 மட்டும் சாகவில்லை. 2019 டிசம்பரில் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாதாரர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். 2020 ஜூனில் ஸ்டீம் என்ற பிசி கேம் கடைக்கு வந்தது. 2021 டிசம்பரில் முதல் பாகத்தின் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். அதே மாதம் ரசிகர்கள் இரண்டாம் பாகத்துக்குத் தாங்களே சர்வர் நடத்த நார்த்ஸ்டார் என்ற மாட், அதாவது ரசிகர்களே எழுதிய மாற்று மென்பொருள் ஒன்றை வெளியிட்டார்கள். 2023 செப்டம்பரில் அதிகாரபூர்வ சர்வர் பக்கம் ஒரு பேட்ச், அதாவது திருத்தம், வந்து, கூடவே ஒரு தள்ளுபடியும் வர, ஏழு வருடப் பழைய கேமுக்குள் திபுதிபுவென்று கூட்டம் நுழைந்தது.

நானும் யோக்கியன் இல்லை. 2016 அக்டோபரில் நான் காசு கொடுத்தது பேட்டில்ஃபீல்டு 1-க்கு. டைட்டன்ஃபால் 2-ஐ நண்பன் ஒருவன் நச்சரித்து நச்சரித்து, ஸ்டீமுக்கு வந்த பிறகு, ஒரு பிரியாணி விலைக்கு வாங்கினேன். இரண்டு ராத்திரியில் முடித்துவிட்டு அவனுக்கு போன் செய்தேன். ‘நாலு வருஷமா சொல்றேன்ல’ என்றான்.